அரசாண்டவர் யார்? குயுக்திக் கேள்விகளும் சரித்திர ஞானமும்

(புதுக்கோட்டையில் வாசகர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கேள்விக்குள் ஒரு பொறியை ஒளித்து வைத்து, விடை சொல்ல வருபவரின் சாமர்த்தியத்தைச் சோதிக்கும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதியதன்று. நச்சுப் பொய்கைக் கரையில் தம்பியர் நால்வரும் மாண்டு கிடக்க, யட்சன் அடுக்கிய வினாக்களுக்குத் தருமபுத்திரர் நிதானம் தவறாமல் விடையிறுத்ததையும், முருங்கை மரத்து வேதாளம் கதைக்கு ஒரு கேள்வி வீதம் போட்டு விக்கிரமாதித்தனை மடக்கப் பார்த்ததையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த வேதாளக் கதைகளுள் ஒன்றை உங்களுக்கு நினைவுபடுத்த விரும்புகிறேன். ஒரு பெண்ணை மணக்க மூவர் போட்டியிட்டுக்கொண்டிருந்த சமயத்தில் அவள் இறந்துபோகிறாள். ஒருவன் அவளுடைய சாம்பலைக் காவல் காத்துச் சுடலையிலேயே கிடக்கிறான். ஒருவன் எலும்பை எடுத்துக்கொண்டு கங்கைக்குப் போகிறான். மற்றொருவன் எங்கோ ஒரு மந்திரத்தைக் கற்று வந்து அவளை உயிர்ப்பித்து விடுகிறான். இவர்களில் அவளுக்குக் கணவனாகத் தக்கவன் யார் என்று வேதாளம் கேட்கிறது. உயிர் கொடுத்தவனைச் சொல்லத்தான் நமக்கெல்லாம் நாவு எழும். விக்கிரமாதித்தனோ, உயிர் கொடுத்தவன் தந்தை ஸ்தானத்தில் இருப்பவன், எலும்பைக் கங்கையில் சேர்த்தவன் மகன் ஸ்தானத்தில் இருப்பவன், சாம்பலோடு கிடந்தவனே கணவன் என்று தீர்ப்புச் சொல்கிறான். அவன் முதலில் ஆளைத் தேடவில்லை. எந்தக் காரியம் எந்த ஸ்தானத்துக்கு உரியது என்று வகுத்துக்கொண்டான். வகுத்த பிறகு ஆள் தானே அகப்பட்டான்.

நாட்டை ஆண்டவர்களைப் பற்றி வினாடி வினா மேடைகளிலும் தேர்வுத் தாள்களிலும் கேட்கப்படுகிற குயுக்திக் கேள்விகளைப் பற்றி நான் இன்று சொல்ல வந்த செய்தி முழுவதும் அந்தத் தீர்ப்புக்குள் அடங்கியிருக்கிறது. அத்தகைய கேள்விகளில் பொறி ஆளின் பெயரில் இருப்பது மிக அபூர்வம். ‘முதல்’ என்ற சொல்லிலோ, ‘அடுத்து’ என்ற சொல்லிலோ, பதவியின் லட்சணத்திலோ, ஒரு தேதியிலோ, கேட்பவர் சொல்லாமல் சொல்லிவிடுகிற ஓர் ஊகத்திலோதான் அது இருக்கும். ஆகவே பெயர்ப் பட்டியலை மனனம் செய்தவர் அதில் விழுவார். பதவியையும் காலத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகியவர் தப்புவார். இதை நிரூபிப்பதற்குத் தூரதேசம் எதற்கும் போக வேண்டியதில்லை. நம் புதுக்கோட்டையே போதும்.

இந்த அவையினரிடம் ஒரு கேள்வி. 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆம் நாள் புதுக்கோட்டையில் அரசாண்டவர் யார்? ஜவஹர்லால் நேரு என்று சிலர் சொல்லலாம். சென்னையில் அன்று பிரதம மந்திரியாய் இருந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் என்று விஷயம் தெரிந்த சிலர் சொல்லலாம். இரண்டும் பொருந்தா. அன்று இங்கே ஆட்சி செலுத்தியவர் ராஜகோபாலத் தொண்டைமான். பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, தகவல் தொடர்பு ஆகியவற்றை மட்டுமே இந்திய யூனியனிடம் ஒப்புவித்து, ஏனைய அதிகாரங்களோடு வேறு பல சமஸ்தானங்களைப் போலவே நிலைபெற்றிருந்த இந்தச் சமஸ்தானம், 1948-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3-ஆம் தேதிதான் இணைக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதியாயிற்று. அண்டையிலிருந்த தஞ்சாவூர்க்காரரும் திருச்சிக்காரரும் சென்னை ராஜதானியின் பிரஜைகளாய்ச் சுதந்திரக் கொடியை வணங்கிய அதே காலையில், புதுக்கோட்டைக்காரர் ஒரு மன்னரின் பிரஜையாய் நின்று அதை வணங்கினார் என்பது இந்தச் சிறு கேள்வியின் வாயிலாக விளங்குகிறது அல்லவா? ஓமந்தூரார் நமக்குப் பிரதம மந்திரியாய் வாய்த்தது அந்த மார்ச்சு மாதத்திற்குப் பிறகுதான்.

இதே கேள்வியை ஆண்டை மட்டும் மாற்றி, 1935-இல் அரசாண்டவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். அப்போதும் மன்னர் ராஜகோபாலத் தொண்டைமானே. ஆனால் 1922-இல் பிறந்து, 1928-இல் ஆறு வயதுப் பாலகராய்ப் பட்டத்துக்கு வந்த அவருக்கு 1944 வரையில் ஆட்சி அதிகாரம் கைக்கு வரவில்லை. நிர்வாகம் 1934 முதல் அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் இருந்தது. மன்னர் யார் என்றால் ஒரு விடை. நிர்வாகம் செய்தவர் யார் என்றால் வேறொரு விடை. அரசாண்டவர் யார் என்று பொதுப்படக் கேட்டால், எந்த ஸ்தானத்தைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதே அறிவுடையோர் விடை. இன்னும் கொஞ்சம் மேலே சென்றால், இந்த மன்னர்கள் தங்களைத் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் தாசர்களென்று சொல்லிக்கொண்டவர்கள். அம்மன் காசு என்று நம் பாட்டன்மார் கையில் புழங்கிய சிறு செப்புக்காசில் பொறித்துள்ள மன்னர் உருவம் யாருடையது என்று எவராவது கேட்டால் ஏமாந்துவிடாதீர்கள். ஒரு பக்கம் அம்மன் உருவமும் மறுபக்கம் ‘விஜய’ என்ற தெலுங்கு எழுத்துக்களும்தான் உண்டு. மன்னர் உருவம் கிடையாது.

தந்தைக்குப் பின் மகன் என்ற ஊகத்தை வைத்தும் புதுக்கோட்டைச் சரித்திரத்தில் எத்தனையோ பொறிகளை அமைக்கலாம். 1886-இல் காலமான ராமச்சந்திரத் தொண்டைமானுக்கு அடுத்துப் பட்டம் பெற்ற மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவருக்கு என்ன உறவு? மகன் என்று பட்டியலைப் பார்த்தவர் சொல்லிவிடுவார். உண்மையில் அவர் மகள் வயிற்றுப் பேரர், ஸ்வீகாரத்தால் மகனானவர். அவரும் பாலகராகவே பட்டத்துக்கு வந்தமையால், 1894 வரையில் ரீஜண்டாக இருந்து ஆட்சிப் பொறுப்பைத் தாங்கியவர் சேஷையா சாஸ்திரியார். திருவாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878-இல் இங்கு வந்த அந்த மேதாவி, ராமச்சந்திரத் தொண்டைமான் காலத்தில் மன்னருக்குக் கீழ்ப்பட்ட மந்திரி. சிறுவரான மன்னர் காலத்தில் மன்னருக்குப் பதிலாக நின்ற பிரதிநிதி. ஆள் ஒருவரே, ஊரும் ஒன்றே. ஆனால் 1880-இல் அவர் யார் என்பதற்கும் 1890-இல் அவர் யார் என்பதற்கும் விடைகள் வெவ்வேறு.

மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மோலி பிங்க் என்ற மாதரசியை மணந்ததும், அடுத்த ஆண்டில் அவர்களுக்கு ஒரு குமாரர் பிறந்ததும் நீங்கள் அறிந்தவையே. 1928-இல் மன்னர் பாரிஸ் நகரில் காலமானபோது பன்னிரண்டு வயது நிரம்பப்பெறாத அந்தக் குமாரர் இருக்கவே இருந்தார். ஆயினும் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அந்த விவாகத்தை அங்கீகரிக்க மனமில்லாத பிரிட்டிஷ் அரசாங்கம், ராஜ வமிசத்தின் வேறொரு கிளையில் பிறந்த ஆறு வயதுச் சிறுவரை அரியணையில் அமர்த்திற்று. மன்னருக்கு மகன் இருந்தானா, இருந்தால் அவனே அடுத்த மன்னன் தானே என்று இரண்டு கேள்விகளை அடுத்தடுத்துப் போட்டால், முதலாவதற்கு ஆம் என்றவர் இரண்டாவதற்கும் ஆம் என்று சொல்லித் தோற்பார். ஆனால் அந்தத் தோல்வியில் அவர் கற்றுக்கொள்வது சிறிதன்று: சுதேச சமஸ்தானத்தின் அரியணை யாருக்கு என்று தீர்மானிக்கிற கடைசி அதிகாரம் எங்கே இருந்தது என்பதை அந்த ஒரே விடை அவருக்குச் சொல்லிக் கொடுத்து விடுகிறது.

மன்னர்களின் பெயரால் ஏற்படும் மயக்கத்துக்கு இதைவிடப் பழைய திருஷ்டாந்தம் ஒன்றும் நம் மாவட்டத்தில் உண்டு. நார்த்தாமலையில், மேலமலைச் சரிவில், வட்டக் கருவறையோடு நிற்கும் விஜயாலய சோழீச்சரத்தைக் கட்டியவர் யார்? பெயரே விடையைச் சொல்லுகிறதே என்று தோன்றும். அங்குள்ள கல்வெட்டோ, அதைக் கட்டியவன் சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன் என்றும், மழையால் இடிந்த பின் அதைப் புதுப்பித்தவன் மல்லன் விடுமன் என்றும் கூறுகிறது. ஒரு மன்னனுடைய பெயரைத் தாங்கியிருப்பது வேறு, அந்த மன்னன் கட்டியது வேறு. கோவிலுக்குச் சொன்னது தெருவுக்கும் கல்லூரிக்கும் அணைக்கட்டுக்கும் பொருந்தும்.

இனி ஜில்லாவைத் தாண்டிச் சென்னைக்குப் போவோம். தமிழ்நாட்டின் முதல் முதலமைச்சர் யார் என்ற கேள்வியைப்போல் எத்தனையோ இளைஞர்களைத் தடுக்கி விழவைத்த கேள்வி வேறொன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதற்கு ஒன்றல்ல, ஏழு விடைகள் உண்டு; ஒவ்வொன்றும் தன் தன் இடத்தில் சரியானது. மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தப்படி இரட்டையாட்சி ஏற்பட்டு, ஜஸ்டிஸ் கட்சி வெற்றி பெற்றபோது, கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியார் பதவி வேண்டாமென்று விலகிக்கொள்ள, 1920 டிசம்பரில் முதல் மந்திரியானவர் கடலூர் சுப்பராயலு ரெட்டியார். 1935-ஆம் ஆண்டுச் சட்டம் 1937 ஏப்ரலில் அமலுக்கு வந்து, மாகாண சுயாட்சியும் பிரதம மந்திரி என்ற பதவியும் தோன்றியபோது, அந்த ஆசனத்தில் முதலில் அமர்ந்தவர் ராஜாஜி என்றே பலரும் எண்ணுவர். ஆனால் தேர்தலில் வென்ற காங்கிரஸ், கவர்னர் தம் விசேஷ அதிகாரங்களைக் கொண்டு தலையிடமாட்டார் என்ற உறுதியைக் கேட்டுப் பதவியேற்காமல் ஒதுங்கியிருந்த மூன்று மாத காலத்தில், கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு ஒரு தற்காலிக மந்திரிசபையை நடத்தினார். ராஜாஜி ஜூலையில்தான் வந்தார். பிற்காலத்தில் நம் சமஸ்தானத்தின் கடைசித் திவானாக விளங்கிய கலீபுல்லா சாகிப் அந்தத் தற்காலிக மந்திரிசபையில் ஒரு மந்திரி என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சுதந்திர தினத்தன்று பதவியிலிருந்தவர் ஓமந்தூரார். குடியரசுச் சாசனம் 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தபோது, அந்தச் சாசனத்தின்படி முதலாவது முதலமைச்சரானவர் பூ. ச. குமாரசாமி ராஜா. வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்த முதல் பொதுத் தேர்தலுக்குப் பின், 1952 ஏப்ரலில் வந்தவர் ராஜாஜி. 1956 நவம்பரில் மொழிவாரி எல்லைகள் வகுக்கப்பட்டு, ஏறக்குறைய இன்றைய உருவத்தை ராஜ்யம் அடைந்தபோது முதலமைச்சர் காமராஜர். ‘தமிழ்நாடு’ என்ற பெயரே சட்டப்படி வழக்குக்கு வந்தது 1969 ஜனவரி 14-ஆம் தேதி, பொங்கலன்று. ஆகவே எழுத்துக்கு எழுத்துப் பொருள் கொண்டால், அந்தப் பெயருடைய ராஜ்யத்தின் முதல் முதலமைச்சர் அறிஞர் அண்ணா. 1967 மார்ச்சு முதல் பதவியிலிருந்த அவர், தாமே போராடிப் பெற்றுத் தந்த பெயரைத் தாங்கிய நாட்டை ஆண்டது மூன்று வாரம். பிப்ரவரி 3-ஆம் தேதி மறைந்துவிட்டார். சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, 1974-இல், அதே ஜனவரி 14-ஆம் தேதிதான் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று என்பது நம்மவர் நினைவில் வைத்துக்கொள்ளத் தக்க ஒற்றுமை.

ஒரு கேள்வியின் பொறியில் இத்தனை சரித்திரம் புதைந்து கிடக்கிறது. இரட்டையாட்சி, மாகாண சுயாட்சி, சுதந்திரம், குடியரசு, பொது வாக்குரிமை, மொழிவாரி ராஜ்யம், பெயர்மாற்றம் என்று நாம் கடந்து வந்த படிகள் ஒவ்வொன்றிலும் ஒரு ‘முதல்வர்’ நிற்கிறார். எந்தப் படியைக் கேட்கிறோம் என்று சொல்லாமல் கேட்பது கேட்பவரின் குற்றம். எல்லாவற்றையும் ஒரே படியென்று நினைத்து விடை சொல்வது சொல்பவரின் குற்றம்.

இதே ராஜாஜியைப் பற்றி மற்றொரு கேள்வி: 1952-இல் முதலமைச்சரானபோது அவர் எந்தத் தொகுதியில் வென்றிருந்தார்? எந்தத் தொகுதியிலும் அவர் போட்டியிடவேயில்லை; மேல்சபைக்கு நியமனம் பெற்று வந்தார். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் ஊறிப்போனவர்க்கு, கேள்வியின் அடிப்படையே தவறாயிருக்கலாம் என்ற நினைப்பு எளிதில் வருவதில்லை. இலங்கையிலும் இதற்கு இணை உண்டு. 1960 ஜூலையில் உலகத்திலேயே முதல் பெண் பிரதமராய்ப் பதவியேற்ற ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா எந்தத் தொகுதியின் பிரதிநிதி என்றால், அவரும் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். செனட் சபையின் வழியே வந்தவர்.

அந்த அம்மையாரையே வைத்து வரிசையில் ஒளிந்திருக்கும் பொறியையும் காட்டலாம். 1959-இல் பிரதமர் பண்டாரநாயக்கா சுடப்பட்டு இறந்தபின் அடுத்துப் பிரதமரானவர் யார்? மனைவி என்று சொல்லாதவர் நூற்றில் சிலரே. அவருக்கு முன்னால் தகநாயக்கா வந்தார், அவருக்குப் பின் டட்லி சேனநாயக்கா வந்தார், அதன்பிறகே ஸ்ரீமாவோ. இந்தியாவில் நேருவுக்கும் சாஸ்திரிக்கும் நடுவே இரண்டு வாரம், சாஸ்திரிக்கும் இந்திரா காந்திக்கும் நடுவே இரண்டு வாரம் என்று, 1964-இலும் 1966-இலும் இருமுறை பிரதமர் ஸ்தானத்தில் இருந்து நாட்டைக் காத்தவர் குல்சாரிலால் நந்தா. தமிழ்நாட்டில் அண்ணா மறைந்தபோதும் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் அந்த இடைவெளியை நிரப்பியவர் நாவலர் நெடுஞ்செழியன். தலைவர் மறைந்த இரவில் அரசாங்கம் ஒரு கணமும் தலையின்றி இருத்தலாகாது என்பது பாராளுமன்ற ஆட்சிமுறையின் நியதி. அந்த நியதியைச் சுமந்தவர்கள் பட்டியல்களில் அடிக்குறிப்பாகிப் போகிறார்கள். அவர்களை நினைவுக்குக் கொண்டுவருகிற கேள்வி, குயுக்தியாக இருந்தாலும் நன்றியுள்ள கேள்வி.

தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர் யார் என்பதும் இவ்வகையே. செல்வி ஜெயலலிதா என்று வாய் முந்திக்கொள்ளும். 1988 ஜனவரியில் மூன்று வாரத்துக்குச் சற்று அதிகமாகப் பதவியிலிருந்த ஜானகி அம்மையாரே முதல்வர். இந்தியா முழுவதற்கும் என்றால், 1963-இல் உத்தரப் பிரதேசத்தில் பதவியேற்ற சுசேதா கிருபளானி. பிரிட்டிஷ் இந்தியாவிலேயே முதன்முதலில் சட்டசபையில் அமர்ந்த பெண்மணி என்றால், புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, இங்குள்ள மன்னர் கல்லூரியில் ஆண்பிள்ளைகளோடு படித்து, சென்னைச் சட்டசபையின் உதவித் தலைவராகவும் விளங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஆனால் சென்னையின் முதல் பெண் மந்திரி அவர்தானா என்றால் அல்லர். 1946-இல் பிரகாசம் மந்திரிசபையில் இடம்பெற்ற ருக்மிணி லட்சுமிபதி. அங்கத்தினர் வேறு, உதவித் தலைவர் வேறு, மந்திரி வேறு.

பெரிய மனிதர்கள் எல்லாரும் பெரிய பதவியில் இருந்திருக்க வேண்டும் என்ற ஊகமும் ஒரு பொறி. திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி எந்த மந்திரிசபையில் என்ன இலாகாவை வகித்தார்? எதையும் வகிக்கவில்லை. மத்திய சட்டசபையில் அவர் பேச எழுந்தால் அரசாங்கத்தார் கலங்கினார்கள். 1939-இல் சென்னை நகரின் மேயரானார். பூண்டி நீர்த்தேக்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரைக் குருவாகக் கொண்ட காமராஜர் ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராயிருந்தார். மந்திரிப் பதவி மட்டும் சத்தியமூர்த்தியிடம் வரவில்லை. ‘வகிக்கவில்லை’ என்பதும் ஒரு விடையே என்று கற்றுக்கொடுக்கிற கேள்விகள் நம் மாணவர்க்கு மிகவும் தேவை.

தலைவர்களையும் நாட்காட்டியையும் சேர்த்துப் பின்னிய கேள்விகள் சுவை மிகுந்தவை. மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29-ஆம் தேதி பிறந்தவர். 1977 மார்ச்சில் பிரதமரானபோது அவருக்கு வயது 81. அதற்குள் அவர் எத்தனை முறை தம் ஜன்ம தினத்தைக் கண்டிருப்பார்? நாலாண்டுக்கு ஒன்று என்று வகுத்து இருபது என்பார்கள். நூறால் வகுபடும் ஆண்டான 1900, நானூறால் வகுபடாமையால் லீப் ஆண்டு அன்று, ஆகவே அவருடைய முதல் ஜன்ம தினம் எட்டு வயதில், 1904-இல்தான் வந்தது, விடை பத்தொன்பது. அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டனுக்கோ பிறந்த தேதியே இரண்டு. பழைய பஞ்சாங்கப்படி 1731 பிப்ரவரி 11. ஆங்கிலேய ராஜ்யம் 1752-இல் புதிய பஞ்சாங்கத்துக்கு மாறிய பின் 1732 பிப்ரவரி 22. அந்நாட்டு ஜனாதிபதிகளை எண்ணுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. இடைவிட்டு இருமுறை ஆண்ட குரோவர் கிளீவ்லாண்டு 22-ஆவதாகவும் 24-ஆவதாகவும், டொனால்டு டிரம்ப் 45-ஆவதாகவும் 47-ஆவதாகவும் எண்ணப்படுவதால், 47 என்ற வரிசை எண்ணுக்குள் இருக்கும் மனிதர்கள் 45 பேரே. இங்கிலாந்தின் முதல் பிரதம மந்திரி ராபர்ட் வால்போல் என்று சரித்திர ஆசிரியர் எல்லாரும் எழுதினாலும், 1721-இல் பொறுப்பேற்ற அவர் காலத்தில் சட்டப்படி அப்படியொரு பதவியே கிடையாது. அரசாங்க மரியாதை வரிசையில் அந்தப் பதவிக்கு இடம் ஏற்பட்டது 1905-இல்தான்.

இந்தியாவையும் இங்கிலாந்தையும் இணைத்து ஒரு கேள்வி. சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவான 1948 ஆகஸ்டு 15 அன்று இந்திய நாட்டின் தலைவர் யார்? நேரு அரசாங்கத்தின் தலைவர். நாட்டின் தலைவர் அல்லர். ராஜேந்திர பிரசாத் ஜனாதிபதியானது 1950-இல். ராஜாஜி என்பவர் விடையை நெருங்கிவிட்டார். ஆனால் கவர்னர் ஜெனரல் என்பவர் பிரதிநிதியே. யாருக்குப் பிரதிநிதி என்று ஒரு படி மேலே போனால், ஆறாம் ஜார்ஜ் மன்னர் நிற்கிறார். சக்கரவர்த்திப் பட்டம் அவ்வாண்டு ஜூனில் நீங்கிற்று. மன்னர் என்ற நிலை குடியரசு ஆகும்வரை நீடித்தது. இதைக் கேட்டு மனம் வருந்துவோர் உண்டு. வருத்தம் நியாயமானதே, ஆனால் 1950 ஜனவரி 26 ஏன் மற்றொரு திருநாளாயிற்று என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடைக்காது.

குயுக்திக் கேள்விகளை இவ்வளவு தூரம் புகழ்ந்த பிறகு, அவற்றில் தள்ளத் தக்கவையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது தர்மம் ஆகாது. கட்டுக்கதையை உண்மைபோல் வைத்துக் கேட்பவை ஒருவகை. 1849 மார்ச்சு 4-ஆம் தேதி ஒரே நாள் மட்டும் அமெரிக்க ஜனாதிபதியாயிருந்தவர் யார் என்று கேட்டு, அட்சிசன் என்ற பெயரை விடையாகத் தரும் புத்தகங்கள் இருக்கின்றன. புதிய ஜனாதிபதி அன்று ஞாயிற்றுக்கிழமை என்று பிரமாணத்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்ததை ஆதாரமாகக் கொண்டு வேடிக்கையாய்ப் புனைந்த கதை அது. சட்டம் அதை ஒப்புக்கொள்வதில்லை.

தீர்ப்பை வயிற்றில் சுமந்துகொண்டு வருகிற கேள்விகள் மற்றொரு வகை. இவ்வூரில் பிறந்து வெளியூர் சென்ற எவரும் இதை ஒருமுறையாவது எதிர்கொண்டிருப்பார். கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்த தொண்டைமான் யார் என்பதே அது. நடந்த நிகழ்ச்சிகள் மறுக்க முடியாதவை. 1799-இல் பாஞ்சாலங்குறிச்சியை இழந்த வீரபாண்டிய கட்டபொம்மன், புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த காட்டுப் பகுதியில் பிடிபட்டுக் கும்பினியாரிடம் ஒப்புவிக்கப்பட்டு, அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். அப்போது ஆண்டவர், 1789 முதல் 1807 வரை பட்டத்திலிருந்த விஜயரகுநாதத் தொண்டைமான். கும்பினியாரோடு நட்புப் பூண்டிருந்த ஓர் அரசர் செய்தது துரோகமா, ராஜதந்திரமா, அச்சமா என்று விவாதிக்க இந்த மேடையைப் போன்ற எத்தனையோ மேடைகள் உண்டு, விவாதிக்கவும் வேண்டும். ஆனால் விவாதத்தின் முடிவைக் கேள்வியின் முதல் வார்த்தையிலேயே வைத்துவிட்டு, பெயரை மட்டும் கேட்பது சரித்திரம் கற்பிப்பதாகாது. மேலும் ஒன்பது தொண்டைமான்கள் ஆண்ட வமிசத்தில் விஜயரகுநாதர் என்ற பெயர் மும்முறை வருவதால், அந்தக் கேள்வியைக் கேட்பவர்களே பெரும்பாலும் எந்த விஜயரகுநாதர் என்று அறியாதவர்களாயிருக்கிறார்கள்.

எனவே கேள்வி அமைப்போருக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன். பதவியையும் நாளையும் கேள்வியிலேயே ஐயமறக் குறிப்பிடுங்கள். மறைக்க வேண்டியது விடையை மட்டுமே, கேள்வியை அன்று. விடைக்கு ஆதாரமாகச் சட்டமோ கல்வெட்டோ அரசாங்கப் பதிவோ கையில் இருக்கட்டும். செவிவழிச் செய்தியை வைத்துப் பிறரைத் தோற்கடிப்பது வீரமன்று. தோற்றவர் வெட்கத்தோடு போகாமல், வந்தபோது இல்லாத ஓர் அறிவோடு போக வேண்டும். அப்படிப் போகவில்லையென்றால் குறை கேள்வியில் இருக்கிறது. விடை எழுதும் இளைஞர்களுக்கு ஒன்றே ஒன்று. தேர்வுத் தாளில் ‘முதல்’ என்று கண்டவுடன் எதற்கு முதல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொடுத்திருக்கும் நான்கு பெயர்களையும் பார்த்தால், கேட்டவர் எந்தப் படியில் நின்று கேட்கிறார் என்பது பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

இதெல்லாம் உத்தியோகம் பெறுவதற்கு மட்டும் உதவுகிற வித்தை என்று நான் கருதவில்லை. இந்நகரில் மன்னர் வாழ்ந்த அரண்மனையிலேயே இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நடைபெறுகிறது. திங்கட்கிழமைதோறும் அங்கே குறைகளை எழுதி எடுத்துக்கொண்டு ஜனங்கள் வருகிறார்கள். ஏரிக்கரை உடைந்தால் எந்த அதிகாரி, பள்ளிக்கு ஆசிரியர் இல்லையென்றால் எந்த இலாகா, சாலை பழுதுபட்டால் ஊராட்சியா, ராஜ்யமா, மத்திய அரசா என்று பிரித்தறிந்தவருடைய மனு உரிய இடத்தைச் சேர்கிறது. அறியாதவர் மேசைக்கு மேசை அலைக்கழிக்கப்படுகிறார். மன்னர் ஒருவரே எல்லாம் என்றிருந்த நாளில் பிரஜைக்கு இந்த விவேகம் வேண்டியிருக்கவில்லை. அதிகாரம் பல கைகளில் பங்கிடப்பட்டிருக்கிற ஜனநாயகத்தில், எந்தக் காரியத்துக்கு யார் பொறுப்பாளி என்று கேட்கத் தெரியாதவர் வாக்குச் சீட்டைக் கையில் வைத்திருந்தும் பழைய பிரஜையாகவே இருக்கிறார். அந்த விவேகத்தை விளையாட்டாகவே பழக்கிக் கொடுக்கும் வரையில், குயுக்திக் கேள்விகள் நம் பள்ளிகளிலும் நூலகங்களிலும் தாராளமாக நடமாடட்டும்.